508 பாயிண்ட் விழுந்துச்சுன்னா எவ்வளவு விழுந்துச்சு? வோலட்டிலிட்டி பத்தி அடிப்படையில இருந்து

1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை, அமெரிக்காவோட டோ ஜோன்ஸ் இண்டெக்ஸ் (30 பெரிய கம்பெனி ஷேர் விலைய சேர்த்து ஒரே நம்பரா காட்டுறது) 508 பாயிண்ட் விழுந்துச்சு. 2008 அக்டோபர் 7-ம் தேதியும் அதே டோ ஜோன்ஸ் அதே 508 பாயிண்ட் தான் விழுந்துச்சு, தசமத்துக்கு அப்புறம் வர்ற சில்லறைய விட்டுடுவோம். முதல் நாளுக்கு "பிளாக் மண்டே"ன்னு பேரே வெச்சு இன்னிக்கு வரைக்கும் பேசிட்டு இருக்காங்க, ரெண்டாவது நாள் நடந்தது யாருக்கும் ஞாபகத்துல கூட இல்ல. காரணம் சிம்பிள் தான். 1987-ல டோ இருந்தது 2246-ல, அதுல 508 போனா 22.6 சதவீதம் காலி. 2008-ல 9955-ல இருந்துச்சு, அதுல 508 போனா 5.1 சதவீதம். இப்போ டோ 40,000-ஐயும் தாண்டிடுச்சு, இன்னிக்கு 508 பாயிண்ட் போச்சுன்னா ஒண்ணேகால் சதவீதம் கூட வராது, மத்தியானம் விழுந்துட்டு சாயங்காலம் பழைய இடத்துக்கே வந்து நிக்கலாம்.

டிவியில செவப்பு கலர்ல "வரலாறு காணாத சரிவு"ன்னு பாயிண்ட் கணக்கு ஓடும்போது முதல்ல செய்ய வேண்டியது அத சதவீதமா மாத்திப் பாக்குறது. இண்டெக்ஸ் வருஷா வருஷம் பெருசாகிட்டே போகுது, அதனால பாயிண்ட் கணக்குல "இதுவரைக்கும் இல்லாத" சாதனை எல்லாமே சமீப வருஷங்கள்ல தான் வரும், அது ஒண்ணும் அதிசயமில்ல. 1929 அக்டோபர் 28-ம் தேதி டோ விழுந்தது வெறும் 38 பாயிண்ட். ஆனா அது 12.8 சதவீதம். மறுநாள் இன்னும் 30 பாயிண்ட், அது 11.7 சதவீதம். ரெண்டே நாள்ல கிட்டத்தட்ட கால்வாசி மதிப்பு போயிருச்சு, பாயிண்ட்ட மட்டும் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்.

சரி, வோலட்டிலிட்டின்னா என்ன? நிறைய பேர் அத "மார்க்கெட் விழுறது"ன்னு நினைச்சுட்டு இருக்காங்க, அது இல்ல. விலை எந்தப் பக்கம் போகுதுங்கிறது அதுல கணக்கே இல்ல, தினமும் எவ்வளவு தூரம் ஆடுதுங்கிறது தான் கணக்கு. ரெண்டு ஷேர் எடுத்துக்குவோம். முதல் ஷேர் அஞ்சு நாள்ல இப்படி போகுது: +0.4, −0.3, +0.5, −0.6, 0 சதவீதம். ரெண்டாவது ஷேர் அதே மாதிரி தான், ஆனா பத்து மடங்கு: +4, −3, +5, −6, 0. ரெண்டுக்குமே சராசரி பூஜ்யம். சராசரிய மட்டும் சொன்னா ரெண்டும் ஒண்ணு தான்னு ஆயிடும், ஆனா கையில வெச்சிருந்தவனுக்கு அந்த வாரம் எப்படி போச்சுன்னு கேட்டுப் பாருங்க.

இந்த வித்தியாசத்த ஒரே நம்பர்ல சொல்லத்தான் ஸ்டாண்டர்ட் டீவியேஷன். ஒவ்வொரு நாளும் சராசரியில இருந்து எவ்வளவு விலகுச்சோ அத வர்க்கம் பண்ணிக் கூட்டுங்க (வர்க்கம் பண்றதால மைனஸ் ப்ளஸ் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்காது), நாள் கணக்குல ஒண்ணு கம்மி பண்ணி வகுங்க, அப்புறம் வர்க்கமூலம் எடுங்க. ரெண்டாவது ஷேருக்கு 16+9+25+36+0 = 86, அத 4-ஆல வகுத்தா 21.5, வர்க்கமூலம் 4.6 சொச்சம். முதல் ஷேருக்கு 0.46. இது ஒரு நாளைக்கான ஆட்டம். வருஷத்துக்கு மாத்தணும்னா ஏறக்குறைய 16-ஆல பெருக்குவாங்க, ஏன்னா வருஷத்துல மார்க்கெட் திறந்திருக்கிறது சுமாரா 252 நாள், அதோட வர்க்கமூலம் 16-ஐ ஒட்டி வரும். ஆக முதல் ஷேர் 7 சதவீத வோலட்டிலிட்டி, ரெண்டாவது 74. இந்த 16-ஐ மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, ரொம்ப உதவும். யாராவது "வருஷ வோலட்டிலிட்டி 16 சதவீதம்"னு சொன்னா, ஒரு சாதாரண நாள்ல ஒரு சதவீதம் மேலயோ கீழயோ போறது சகஜம்னு அர்த்தம், 32-ன்னா ரெண்டு சதவீதம்.

அதே உதாரணத்துல இன்னொண்ணும் ஒளிஞ்சிருக்கு. ரெண்டு ஷேரும் 100-ல ஆரம்பிச்சுதுன்னு வைங்க, அந்த அஞ்சு நாள் முடிவுல முதல் ஷேர் 99.996-ல நிக்கும், ரெண்டாவது 99.57-க்கு வந்திருக்கும். கூட்டல் கணக்குல ரெண்டும் பூஜ்யம் தான், ஆனா சதவீதம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் பெருகுறதால அதிகமா ஆடுற ஷேர் சும்மா ஆடுனதுக்கே கொஞ்சம் இழக்குது. 20 சதவீதம் விழுந்தத மீட்க 25 சதவீதம் ஏறணும், பாதி போச்சுன்னா ரெண்டு மடங்கு ஆகணும். 1929 செப்டம்பர்ல 381-ல இருந்த டோ 1932 ஜூலையில 41-க்கு வந்துச்சு, 89 சதவீதம் போச்சு. திரும்ப அந்த 381-ஐத் தொட ஒன்பது மடங்குக்கு மேல ஏறணும், தொட்டது 1954 நவம்பர்ல.

இப்போ எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச பட்டியலுக்கு வரேன். டோ ஜோன்ஸ் வரலாத்துலயே ஒரே நாள்ல அதிகமா ஏறுன பத்து நாள எடுங்க, விழுந்தது இல்ல, ஏறுனது. எல்லாம் நல்ல காலத்துல, எல்லாரும் சந்தோஷமா வாங்கிட்டு இருந்த வருஷங்கள்ல இருக்கும்னு தான தோணும்? ஒண்ணு கூட இல்ல. ஆறு நாள் 1929-ல இருந்து 1933-க்குள்ள, ஒண்ணு 1987 அக்டோபர், ரெண்டு 2008 அக்டோபர், ஒண்ணு 2020 மார்ச். எல்லாமே மார்க்கெட் வரலாத்துல படு மோசமான காலங்கள். 1929-ல அந்த ரெண்டு பயங்கர நாளுக்கு மறுநாளே 12.3 சதவீதம் ஏறிச்சு, 1987-ல பிளாக் மண்டே முடிஞ்சு ரெண்டாவது நாள் 10.1. முதல் இடத்துல இருக்கிறது 1933 மார்ச் 15, 15.3 சதவீதம், அதுல மட்டும் ஒரு சின்ன விஷயம் இருக்கு, ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபரா பதவிக்கு வந்ததும் பேங்க் எல்லாத்துக்கும் லீவு விட்டாரே, அப்போ மார்க்கெட்டும் பத்து நாளுக்கு மேல மூடிக் கிடந்துச்சு, அத்தனை நாள் சேர்ந்த ஏத்தமும் தெறந்த அன்னிக்கே வந்துருச்சு, அத ஒரு நாள் கணக்குன்னு சொல்றதே எனக்கு கொஞ்சம் இடிக்குது.

பெரிய ஏத்தமும் பெரிய இறக்கமும் எதிரெதிர் ஆளுங்க இல்ல, ஒரே வீட்டு ஆளுங்க. ஒண்ணு வந்தா இன்னொண்ணும் பக்கத்துலயே சுத்திட்டு இருக்கும். இது வெறும் பேச்சு இல்ல, பெனுவா மாண்டல்பிராட்டுங்கிற கணித மேதை 1963-லயே பருத்தி விலைய வெச்சு இத எழுதிட்டார், பெரிய மாற்றத்துக்குப் பின்னாடி பெரிய மாற்றம் வரும், மேலயா கீழயாங்கிறது தெரியாது, சின்ன மாற்றத்துக்குப் பின்னாடி சின்னது வரும்னு. அப்புறம் ராபர்ட் எங்கிள்ங்கிற பொருளாதார அறிஞர் 1982-ல இதுக்கு ஒரு கணக்கு மாடல் போட்டார், அதுக்காக 2003-ல பொருளாதார நோபலும் வாங்குனார். நாளைக்கு மார்க்கெட் எந்தப் பக்கம் போகும்னு கிட்டத்தட்ட யாராலயும் சொல்ல முடியாது, ஆனா நாளைக்கு எவ்வளவு ஆடும்னு இன்னிக்கு ஆடுனத வெச்சு ஓரளவு சொல்லிடலாம். யோசிச்சுப் பாத்தா கொஞ்சம் வினோதமான விஷயம் தான்.

ஏன் இப்படி கூட்டமா வருது? 1987-ஐ கொஞ்சம் கிட்டப் போய் பாத்தா புரியும். அந்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும் மார்க்கெட் சும்மா பறந்துட்டு இருந்துச்சு. அக்டோபர் நடுவுல வட்டி விகிதம் ஏறிட்டு இருந்துச்சு, வர்த்தகப் பற்றாக்குறை நம்பர் மோசமா வந்துச்சு, வெள்ளிக்கிழமை 16-ம் தேதி 108 பாயிண்ட் விழுந்து 4.6 சதவீதம் போச்சு. அப்போ பெரிய பெரிய பென்ஷன் ஃபண்ட் எல்லாம் "போர்ட்ஃபோலியோ இன்சூரன்ஸ்"னு ஒண்ணு வெச்சிருந்தாங்க. பேரு தான் இன்சூரன்ஸ், உள்ள இருந்தது ஒரே ஒரு விதி: மார்க்கெட் விழுந்தா ஃப்யூச்சர்ஸ (பின்னாடி ஒரு தேதிக்கு இன்னிக்கே விலை பேசிக்கிற ஒப்பந்தம்) வித்துடு, இன்னும் விழுந்தா இன்னும் வித்துடு. ஒரு ஃபண்ட் மட்டும் செஞ்சா சரி, ஒரே நேரத்துல நிறைய பேர் செஞ்சா? வெள்ளிக்கிழமை விழுந்ததுக்கான விக்கிற ஆர்டர் எல்லாம் திங்கட்கிழமை காலையில வரிசையில நிக்குது, அது வர்றது மத்தவங்களுக்கும் தெரியும், அவங்க அதுக்கு முன்னாடியே வித்துடப் பாக்குறாங்க, விலை விழுது, விழுந்ததால கம்ப்யூட்டர் மாடல் இன்னும் விக்கச் சொல்லுது.

நியூயார்க் எக்ஸ்சேஞ்சுல அன்னிக்கு 60 கோடி ஷேருக்கு மேல கை மாறுச்சு, விலை காட்டுற டேப் ரெண்டு மணி நேரத்துக்கு மேல லேட்டா ஓடுச்சு. அதாவது திரையில தெரியுற விலை பழைய விலை, இப்போ உண்மையில என்ன விலைன்னு யாருக்கும் தெரியாது. விலை தெரியாதப்ப மனுஷன் என்ன செய்வான், பேசாம வித்துட்டு வெளிய வந்துடலாம்னு தான் பாப்பான். அந்த வாரமே ராபர்ட் ஷில்லர்ங்கிற பொருளாதார அறிஞர் முதலீட்டாளர்களுக்கு கேள்வித்தாள் அனுப்பி ஏன் வித்தீங்கன்னு கேட்டார், எந்த ஒரு குறிப்பிட்ட செய்தியும் பெரிய காரணமா வரல, விலை விழுறதே தான் அவங்களுக்கு செய்தியா இருந்திருக்கு. மறுநாள் காலையில மார்க்கெட் தெறக்குறதுக்கு முன்னாடி அமெரிக்க மத்திய வங்கி, ஆலன் கிரீன்ஸ்பேன் அப்போ தான் தலைமைக்கு வந்து ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு, பணப்புழக்கத்துக்கு நாங்க இருக்கோம்னு ஒரு சின்ன அறிக்கை விட்டாங்க. அன்னிக்கு 5.9 சதவீதம் ஏறிச்சு, அதுக்கு மறுநாள் தான் அந்த 10.1. இதுல பலருக்கும் தெரியாதது, இத்தனையும் நடந்த 1987-ஐ மொத்தமா ஒரு வருஷமா பாத்தா டோ 2 சதவீதம் ஏறி தான் முடிஞ்சுச்சு.

மத்த காலங்கள்லயும் உள்ளுக்குள்ள வேலை செய்யுற மெக்கானிசம் இதுக்கு உறவுக்காரன் தான். கடன் வாங்கி ஷேர் வாங்குனவனுக்கு விலை விழுந்தா மார்ஜின் கால் வரும், அதாவது இன்னும் காசு கட்டுன்னு ப்ரோக்கர் கேப்பாரு, காசு கட்ட முடியலன்னா ப்ரோக்கர் வித்துடுவாரு, அந்த விற்பனையால விலை இன்னும் விழும். எப்பவும் வாங்க ஒரு விலை விக்க ஒரு விலைன்னு போட்டு வெச்சு காத்திருக்கிற பெரிய டீலர்கள் பயந்து பின்வாங்குவாங்க, ரெண்டு விலைக்கும் நடுவுல இடைவெளி அதிகமாகும், அப்போ ஒரு சின்ன ஆர்டர் கூட விலைய நல்லா நகத்திடும். லிக்விடிட்டி வத்திப் போச்சுன்னு சொல்றது இதத்தான். வத்திப் போன மார்க்கெட்டுல விக்கிறவன் வந்தா டமால்னு விழும், வாங்குறவன் வந்தா அதே வேகத்துல ஏறும். பெரிய ஏத்தம் எல்லாம் மோசமான காலத்துலயே வர்றதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். அதோட, அடுத்து என்ன நடக்கும்ங்கிற குழப்பம் ஒரே நாள்ல தீந்துடாது. பேங்க் பொழைக்குமா, வைரஸ் எவ்வளவு பரவும் மாதிரி கேள்விக்கெல்லாம் வாரக்கணக்குல புதுசு புதுசா பதில் வந்துட்டே இருக்கும், ஒவ்வொரு பதிலுக்கும் மார்க்கெட் ஒரு ஆட்டம் ஆடும்.

2020 மார்ச்ச பாருங்க. 9-ம் தேதியில இருந்து டோ ஜோன்ஸ் நாள் நாளா: −7.8, +4.9, −5.9, −10.0, +9.4, சனி ஞாயிறு போய் −12.9, +5.2, −6.3. எட்டு வர்த்தக நாள், எட்டும் நாலரை சதவீதத்துக்கு மேல. சாதாரண வருஷத்துல இப்படி ஒரு நாள் கூட வராம போகலாம்.

உதாரணமா 2017. அந்த வருஷம் முழுக்க எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸ் (500 பெரிய அமெரிக்க கம்பெனிகள வெச்சு போடுறது) ஒரு சதவீதமோ அதுக்கு மேலயோ நகந்தது மொத்தம் எட்டு நாள் தான், ஒரே நாள்ல அதிகபட்ச இறக்கமே 1.8 சதவீதம். அந்த நேரத்துல விக்ஸ் 10-க்கும் கீழ போயிருந்துச்சு. விக்ஸ்னா என்னன்னு சொல்லிடறேன்: நம்ம மேல போட்ட கணக்கு நடந்து முடிஞ்சத அளக்குது, விக்ஸ் வரப்போறத மார்க்கெட் எப்படி எதிர்பாக்குதுன்னு காட்டுது. சிகாகோவுல இருக்கிற ஆப்ஷன்ஸ் எக்ஸ்சேஞ்ச் 1993-ல கொண்டு வந்தது. ஆட்டம் அதிகமா இருக்கும்னு பயந்தா ஆளுங்க பாதுகாப்புக்கு ஆப்ஷன் (பேசி வெச்ச விலைக்கு பின்னாடி வாங்கவோ விக்கவோ உரிமை தர்ற ஒப்பந்தம்) வாங்குவாங்க, ஆப்ஷன் விலை ஏறும், அந்த விலையில இருந்து பின்னாடி போய் "அடுத்த 30 நாளைக்கு எவ்வளவு ஆட்டம் எதிர்பாக்குறாங்க"ன்னு கண்டுபிடிச்சு வருஷக் கணக்குல காட்டுவாங்க. நீண்ட கால சராசரி 20-ஐ ஒட்டி. 2020 மார்ச் 16 அன்னிக்கு முடிவுல 82.69, அது தான் இன்னும் ரெக்கார்ட். 16-ஆல வகுத்தா? ஒரு நாளைக்கு 5 சதவீதம் ஆடும்னு மார்க்கெட்டே விலை போட்டு வெச்சிருந்துச்சு.

அமைதியா இருக்கிறத பாத்து இனிமே இப்படியே தான் இருக்கும்னு நம்புனவங்க கதையும் இருக்கு. 2017 அமைதியில நிறைய பேர் விக்ஸ் ஏறாதுன்னு பந்தயம் கட்டி காசு பாத்தாங்க, அதுக்குன்னே ரெடிமேட் ப்ராடக்ட் எல்லாம் வித்துச்சு. 2018 பிப்ரவரி 5, டோ 4.6 சதவீதம் விழுந்துச்சு, இந்தக் கட்டுரையில வர்ற நம்பர்களோட ஒப்பிட்டா பெரிய விஷயமே இல்ல. ஆனா விக்ஸ் ஒரே நாள்ல 17-ல இருந்து 37-க்குப் போச்சு, அந்த மாதிரி ஒரு ப்ராடக்ட் 90 சதவீதத்துக்கு மேல மதிப்ப இழந்து இழுத்து மூடிட்டாங்க. வோலட்டிலிட்டி கம்மியா இருக்குன்னா ரிஸ்க் கம்மியா இருக்குன்னு அர்த்தமில்ல, இப்போதைக்கு ஆடல, அவ்வளவு தான்.

காலேஜ் புள்ளியியல்ல மணி வடிவ வளைகோடு படிச்சவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு நாள் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 1 சதவீதம்னு வெச்சு அந்த வளைகோட்டுல போட்டா, 5 சதவீத ஆட்டம் சுமார் 7000 வருஷத்துக்கு ஒரு தடவை வரணும். 2008 அக்டோபர் ஒரே மாசத்துல டோ ஜோன்ஸ்ல ஆறு தடவை வந்துச்சு. 1987-ல வந்த 22.6-ஐ அந்த வளைகோட்டுகிட்ட கேட்டா, பிரபஞ்சத்தோட வயசு போதாதுங்கிற மாதிரி ஒரு பதில் வரும். மார்க்கெட் அந்த வளைகோடு இல்ல, ஓரங்கள் ரொம்ப தடிமன், அதாவது பெரிய ஆட்டம் அந்த வளைகோடு சொல்றத விட ரொம்ப அடிக்கடி வரும். அதனால ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சாதாரண நாள அளக்க நல்லது, அசாதாரண நாளைக்கு அத நம்பி கடன் வாங்கி உக்காந்துட்டு இருந்தா கஷ்டம்.

1987-க்கு அப்புறம் தான் சர்க்யூட் பிரேக்கர் வந்துச்சு, அந்தச் சரிவ ஆராய அரசு போட்ட பிரேடி கமிஷன் சொல்லி 1988-ல. இப்போ இருக்கிற அமெரிக்க விதிப்படி எஸ் அண்ட் பி 500 முந்தின நாள் முடிவுல இருந்து 7 சதவீதம் விழுந்தா 15 நிமிஷம் எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க, திரும்ப 13 சதவீதத்துல இன்னொரு 15 நிமிஷம், 20-ஐத் தொட்டா அன்னிக்கு கடைய மூடிட வேண்டியது தான். 2020 மார்ச்ல 9, 12, 16, 18-ன்னு நாலு தடவை 7 சதவீதத்துல நின்னுச்சு. கவனிச்சீங்களா, இது கீழ போறதுக்கு மட்டும் தான், மேல எவ்வளவு ஏறுனாலும் மொத்த மார்க்கெட்ட யாரும் நிறுத்த மாட்டாங்க. நிறுத்துறதால நல்லதா, இல்ல "ஐயோ பூட்டப் போறாங்க"ன்னு பயந்து அதுக்கு முன்னாடியே எல்லாரும் வித்துட்டு ஓடுறாங்களாங்கிற சண்டை இன்னும் ஓடிட்டு தான் இருக்கு. என்னைக் கேட்டா 1987 மாதிரி விலையே தெரியாத நிலைமைக்கு ஒரு கால் மணி நேரம் மூச்சு வாங்குறது தப்பில்ல.

பழைய டேட்டா பாக்குறப்ப இன்னொண்ணு, மேல சொன்ன சதவீதம் எல்லாம் முந்தின நாள் முடிவுல இருந்து அன்னிக்கு முடிவு வரைக்கும். நடுவுல நடந்தது அதுல வராது. 2010 மே 6, டோ மத்தியானத்துல நிமிஷக் கணக்குல சரிஞ்சு ஒரு கட்டத்துல கிட்டத்தட்ட 1000 பாயிண்ட் கீழ போச்சு, 9 சதவீதம், சில நல்ல கம்பெனி ஷேர் எல்லாம் ஒரு சென்ட்டுக்கு கை மாறுச்சு, அப்புறம் பெரும்பகுதி மீண்டு வந்து 3.2 சதவீத நஷ்டத்தோட முடிஞ்சுச்சு. முடிவு விலைய மட்டும் வெச்சு பட்டியல் போட்டா அந்த நாள் எங்கயோ நடுவுல ஒளிஞ்சுக்கும்.

கடைசியா, ஃபண்ட் விக்கிறவங்க ஒரு கணக்கு காட்டுவாங்க, "வரலாத்துல பெஸ்டான பத்து நாள மட்டும் நீங்க தவறவிட்டிருந்தா உங்க லாபம் பாதியா போயிருக்கும், அதனால வெளிய போகாதீங்க"ன்னு. கணக்கு தப்பில்ல, ஆனா பாதிக் கணக்கு. அந்தப் பத்து நாள் எங்க இருக்குன்னு தான் மேலயே பாத்துட்டோமே, மோசமான நாள்களுக்கு பக்கத்துல. நல்ல நாள மட்டும் குறி பாத்து தவறவிடுற அளவுக்கு துரதிர்ஷ்டசாலி யாரும் கிடையாது, வெளிய இருந்தவன் ரெண்டையும் சேர்த்து தான் தவறவிட்டிருப்பான். 2020 மார்ச் 24-ம் தேதி டோ 11.4 சதவீதம் ஏறிச்சு, 1933-க்கு அப்புறம் அவ்வளவு பெரிய ஒரு நாள் ஏத்தம் அது தான். ஆனா 16-ம் தேதி சாயங்காலம் 20,188-ல வித்துட்டுப் போனவன், அந்த வரலாத்து ஏத்தம் முடிஞ்சப்புறம் திரும்பிப் பாத்தா டோ 20,704-ல நிக்குது, வித்தியாசம் ரெண்டரை சதவீதம். பிப்ரவரி உச்சம் 29,551, அதுல இருந்து பாத்தா அப்பவும் 30 சதவீதம் கீழ. அந்த உச்சத்த டோ தாண்டுனது நவம்பர்ல, அதுவும் இப்படி ஒரே பாய்ச்சல்ல இல்ல, பல மாசமா ஏறி இறங்கி ஏறி தான்.